கம்பத்தில் சேர்த்த சுருதி குமுளியில் நிற்குமா?

கம்பத்தில் துல்லியமாகச் சுருதி சேர்த்த கிட்டாரைக் குமுளியில் போய் எடுத்துப் பாருங்கள். ஆறு கம்பிகளும் ஏறியிருக்கும். மாலையில் கீழே திரும்பி வந்து எடுத்தால் ஆறும் இறங்கியிருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்திலும், குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப் தாண்டி, பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் காற்றே மாறிவிடும். மனிதருக்குச் சால்வை வேண்டியிருக்கும் இடத்தில் மரமும் இரும்பும் மட்டும் மாறாமல் இருக்குமா?

நான் கம்பத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு மேலே தமிழ் ஆராதனைக்கு வாசிக்கிறேன். எஸ்டேட் கல்யாணங்கள், கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரிகள் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவது வழக்கம். இப்படி ஏறி இறங்கியதில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. சுருதி கெட்ட கிட்டார் தனக்கு என்ன ஆயிற்று என்பதைத் தானே சொல்கிறது. எல்லாக் கம்பிகளும் ஒரே திசையில் விலகியிருந்தால் காரணம் வானிலை. ஒரு கம்பி மட்டும் விலகியிருந்தால் அந்தக் கம்பியிலோ, அதன் திருகிலோ, அது உட்காரும் பள்ளத்திலோ கோளாறு. வெறும் கம்பி சரியாக ஒலித்து, விரல் வைத்த இடம் பிசகினால் கிட்டாரின் அமைப்பையோ வாசிப்பவரின் கையையோ பார்க்க வேண்டும். ஒரு கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) இனிமையாகவும் இன்னொன்று கரகரப்பாகவும் இருந்தால், அது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருப்பதன் இயல்பு. இந்த நான்கில் எது என்று தெரியாமல் திருகைத் தொடக் கூடாது. பிள்ளைகளிடம் நான் மிகக் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

முதலில் வானிலை. எஃகுக் கம்பி குளிரில் சுருங்கும், சூட்டில் நீளும். கம்பியைத் தாங்கும் மரக் கழுத்து அதே அளவு சுருங்குவதில்லை. அதனால் குளிரில் கம்பியின் இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது; வெயிலில் தளர்ந்து இறங்குகிறது. பத்து டிகிரி வித்தியாசமே காதில் விழும் அளவுக்கு மாற்றிவிடும். ஆறு கம்பிகளும் ஒரே திசையில்தான் போகும். ஆனால் ஒரே அளவு போகாது. ஆகவே முதல் கம்பியைத் திருப்பிய அதே அளவு மற்றவற்றையும் திருப்பினால் போதும் என்று கணக்குப் போட வேண்டாம்.

மேலே போனதும் உறையைத் திறந்து உடனே சேர்ப்பது வீண். மூடிய உறைக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும். கிட்டார் அந்த இடத்தின் குளிருக்கு வந்த பிறகு சேர்த்தால் ஆராதனை முடியும்வரை பெரும்பாலும் நிற்கும். கச்சேரி மேடை என்றால் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. மின்விளக்குகளின் சூடு நேரே கம்பியில் விழும். பின்னறையில் சேர்த்துவிட்டு மேடைக்கு வந்தால் இரண்டாவது பாட்டிலேயே இறங்கிவிடும். எனவே மேடையில் விளக்குகளைப் போட்ட பிறகு அங்கேயே வைத்துச் சேர்க்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் சரிபார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. மிருதங்கக் கலைஞர்கள் கச்சேரி நடுவே கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிச் சேர்ப்பதை நாம் மரியாதையோடுதான் பார்க்கிறோம். கிட்டார் வாசிப்பவர் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

பயணத்தில் கிட்டாரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடியின் மேல் பெட்டி, மூட்டை எல்லாம் ஏற்றிவைப்பார்கள். கிட்டாரை அங்கே வைக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் கூடாது. சூடு 60 டிகிரியை நெருங்கினால், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைப் பலகையோடு பிடித்திருக்கும் பசை இளகத் தொடங்கும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து அந்தப் பிரிட்ஜை இழுக்கும் விசை, வழக்கமான தடிமனுள்ள கம்பிகளில் 70 கிலோவை ஒட்டியது. பசை இளகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளிலும் கிட்டாரைக் கொண்டு போயிருக்கிறேன். குலுக்கலால் சுருதி அவ்வளவாகக் கெடுவதில்லை. மெல்லிய துணிப்பை என்றால் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலோ தூக்குவாளியோ பட்டு ஏதாவது ஒரு திருகு திரும்பிவிடும். கெட்டியான உறை வாங்க முடியாதவர்கள் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாலே போதும்.

மழைக்காலம் வேறு கதை. ஜூன் தொடங்கிக் குமுளியில் நாள்கணக்கில் மழை விடாது. கீழே கம்பத்தில் காற்றும் சாரலும்தான் வரும். மேலே ஈரக் காற்றை மரம் குடித்துக்கொண்டே இருக்கும். முன்பலகை ஊதும், பிரிட்ஜ் சற்றே மேலெழும்பும், கம்பிக்கும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளுக்கும் இடைவெளி கூடும். குளிரால் நேரும் மாற்றம் நிமிடங்களில் தெரியும். ஈரத்தின் மாற்றம் மெல்லத் தெரிவது. வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கோடையில் நேர்மாறாகப் பலகை உலர்ந்து அமுங்கும், சுருதி இறங்கும், கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் குத்தும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது கிட்டாருக்கு நல்லது. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி மலிவாகவே கிடைக்கிறது. அதை உறைக்குள் போட்டுவைத்தால் ஊகம் தேவைப்படாது. மழைமாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உறைக்குள் வைக்கிறேன். கோடை வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுகிறேன். உலர்ந்த காலத்தில் அவை உள்ளேயே கிடந்தால் மரம் மேலும் வறண்டு பலகையில் வெடிப்பு விழலாம். மழை அடிக்கும் வெளிச்சுவரில் கிட்டாரை மாட்டி வைப்பதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உள்சுவர், அதைவிட மூடிய உறை.

இனி, ஒரு கம்பி மட்டும் கெடுவது. இங்கேதான் பலர் கிட்டாரைப் பழித்துவிட்டுப் புதியது வாங்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் பென்சில் ஒன்று இருந்தால் போதும். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் நட் என்னும் சின்னப் பட்டை இருக்கிறது. அதிலுள்ள பள்ளங்கள் வழியாகத்தான் கம்பிகள் போகின்றன. பள்ளம் குறுகலாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் கம்பி அங்கே சிக்கிக்கொள்ளும். திருகைத் திருப்புவீர்கள், ஒலி நகராது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து ஒரேயடியாகத் தாவிப்போகும். அந்த ‘டிக்’ கேட்டால் திருகைக் குறை சொல்லாதீர்கள். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பள்ளத்தில் பென்சில் கூரைத் தேயுங்கள். கிராஃபைட் தூள் வழுக்கிக் கொடுக்கும். மூன்றாவது கம்பியில்தான் இந்தத் தொல்லை அதிகம் வரக் காண்கிறேன். பென்சிலுக்கும் சரியாகாவிட்டால் பள்ளத்தை அதற்குரிய அரத்தால் விரிக்க வேண்டும். அதைப் பழகிய கையிடம் விடுவதே நல்லது.

அடுத்து, கம்பியைச் சுற்றியிருக்கும் விதம். தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியவற்றுக்கு மூன்று நான்கு சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகக் கீழிறங்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய கம்பி வாசிக்க வாசிக்க இறுகி, ஒவ்வொரு முறையும் சிறிது நழுவும். புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் நடுப்பகுதியில் பிடித்து மெல்ல இழுத்து விடுங்கள்; இறங்கியதைச் சேருங்கள்; மறுபடி இழுங்கள். இழுத்தும் இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். நைலான் கம்பிகள் அடங்கச் சில நாள் பிடிக்கும். நிகழ்ச்சி அன்று காலையில் புதுக் கம்பி போடுவதை நான் அனுமதிப்பதே இல்லை. அதைப் போல, துருவும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியை எவ்வளவு நேரம் சேர்த்தாலும் சேராது. அதன் கனம் நீளம் முழுவதும் சமமாக இல்லாததால் வெறும் கம்பியும் விரல் வைத்த சுரமும் ஒத்துப்போகா. வியர்வையும் மலை ஈரமும் சேர்ந்தால் கம்பி விரைவில் கெட்டுவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைப்பது ஒரு நிமிட வேலை.

திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். கைப்பிடி முனையிலுள்ள சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். தலைப்பகுதியின் முன்பக்கத்தில் கம்பி சுற்றும் தண்டைச் சூழ்ந்த உலோக மரையும் தளர்ந்திருக்கும். இரண்டையும் அளவோடு முடுக்கினாலே பாதிக் கிட்டார்கள் திருந்திவிடும். அளவு மீறி முடுக்கினால் திருகு இறுகித் திரும்பாமல் போகும்.

திருப்பும் முறைக்கு ஒரே விதி: எப்போதும் கீழிருந்து மேலே. ஒலி ஏறியிருந்தால் நேரே இறக்கிச் சரியான இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. அந்த இடத்துக்கும் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்த வேண்டும். பற்சக்கரங்களுக்கு இடையில் உள்ள தளர்வு இறக்கும்போது நீங்காது. கொஞ்சம் அழுத்தி வாசித்ததும் கம்பி அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டு மேலும் இறங்கும். ஒரே சுற்றோடு விடுவதும் தவறு. ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியை இறுக்கினால் பலகையும் கழுத்தும் இம்மியளவு வளைந்து மற்றவை தளரும். இரண்டாவது சுற்று கட்டாயம். புதுக் கம்பி என்றால் மூன்றாவதும்.

சுருதி காட்டும் டியூனர் வேண்டும். கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை எடுப்பதால் சந்தடியிலும் வேலை செய்யும். கைபேசிச் செயலிக்கு அமைதி தேவை. பஸ் நிலையத்துக்கு எதிரே வகுப்பு நடத்தும் எனக்கு அது பயன்படுவதில்லை. ஆனால் டியூனரை மட்டும் நம்பிய காது வளராது. அதனால் பிள்ளைகள் ஆறாவது கம்பியை மட்டும் டியூனரில் சேர்த்துவிட்டு மற்ற ஐந்தையும் காதால் சேர்க்க வேண்டும் என்பது என் வகுப்பின் வழக்கம். ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃபிரெட் ஐந்தாவது கம்பிக்குச் சமம். அப்படியே ஐந்து நான்குக்கும், நான்கு மூன்றுக்கும். மூன்றாவதில் மட்டும் நான்காம் ஃபிரெட் இரண்டாவது கம்பிக்குச் சமம். பிறகு மீண்டும் ஐந்தாம் ஃபிரெட். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளையிடம் வேறுவிதமாகச் சொல்வேன்: தடித்த கம்பி ச என்றால் அடுத்தது சுத்த மத்தியமம், மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மட்டும் அந்தர காந்தாரம். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது காதில் ஓர் அலை கேட்கும். ஒலி பெருகும், மங்கும், பெருகும். ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ், அதோடு ஒப்பிடும் ஒலி 112 என்றால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை நீளும், சேர்ந்ததும் நின்றுவிடும். தம்புரா சேர்ப்பவர்கள் காலங்காலமாகக் கேட்டுவருவது இதைத்தான். ஏழாவது படிக்கும் ஒரு பெண், “அண்ணா, அலை நின்றுவிட்டது” என்று தானாகச் சொன்ன நாளில் அவளுடைய டியூனரை உறைக்குள் வைக்கச் சொன்னேன். பிறகு திறந்து பார்த்தோம். பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கு வந்த நம்பிக்கையை எந்தக் கருவியும் கொடுத்திருக்காது.

வெறும் கம்பிகள் சரியாக இருந்தும் வாசிக்கும்போது பிசகினால் இரண்டு இடங்களில் சோதியுங்கள். முதல் ஃபிரெட்டில் விரல் வைத்ததும் சுரம் ஏறினால் நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் கம்பி உயர்ந்து நிற்கிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறினால் கம்பியின் நீளம் போதவில்லை என்று பொருள். சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டை) பின்னே நகர வேண்டும். இறங்கினால் முன்னே. புதுக் கம்பியோடு மட்டுமே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இரண்டிலும் குறையில்லை என்றால் கையைப் பாருங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் பயத்தில் கம்பியை நெரிப்பார்கள். பக்கவாட்டில் தள்ளவும் செய்வார்கள். சுரம் தெளிவாகக் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று தேடச் சொல்வது நல்ல பயிற்சி. கேபோ (கம்பிகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடும்போதும் இதே கதை. ஃபிரெட்டை ஒட்டிப் பின்னால் போட்டுவிட்டு, போட்டபடியே மறுபடி சேர்க்க வேண்டும்.

நான்காவது காரணத்தை எனக்கு விளக்கியவர் எங்கள் குழுவில் பாடும் ஓர் அம்மா. முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவர். டியூனரில் ஆறும் பச்சை காட்டிய பிறகும், “தம்பி, உங்கள் காந்தாரம் கூடுதலாக நிற்கிறது” என்பார். அவர் காது சரி. அரைச் சுரத்தை 100 சென்ட் என்று வைத்தால், கிட்டாரின் காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்புராவின் கார்வையில் தானாக எழும் காந்தாரமோ 386 சென்டில் இருக்கிறது. 14 சென்ட் வித்தியாசம் தேர்ந்த காதுக்கு உறுத்தும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அது உறுத்தாது. சரி, இரண்டாவது கம்பியை 14 சென்ட் இறக்கிவிடலாமே என்று தோன்றும். அந்தக் கம்பி காந்தாரமாக வரும் ஜி கார்டு தேனாக இனிக்கும். உடனே ஈ கார்டில் அதே கம்பி பஞ்சமம் என்பதால் சோர்ந்து ஒலிக்கும். டி கார்டில் மூன்றாம் ஃபிரெட்டும் கெடும். ஒன்றைத் திருத்தி இரண்டைக் கெடுப்பதற்குத் திருகு எதற்கு? நான் கார்டிலிருந்து காந்தாரத்தையே எடுத்துவிட்டேன். அந்த அம்மா அந்தர காந்தாரத்தில் நின்று கார்வை கொடுக்கும் இடங்களில் ச-வும் ப-வும் மட்டும் மீட்டுகிறேன். அவர் சுரம் தனியாக ஒளிர்கிறது. குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஹார்மோனிக் ஒலிகளை வைத்து, ஐந்தாம் ஃபிரெட்டையும் ஏழாம் ஃபிரெட்டையும் ஒப்பிட்டுச் சேர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக் இயற்கையான பஞ்சமம் தருகிறது. கிட்டாரின் ஃபிரெட்டுகள் சமமாகப் பிரித்தவை. ஒவ்வொரு கம்பியிலும் 2 சென்ட் இறங்கி மூன்றாவது கம்பிக்கு வரும்போது 6 ஆகிவிடும். இரண்டாவது கம்பியை ஆறாவதிலிருந்து எடுத்தால் அது 2 ஏறும். ஆக, ஏற்கெனவே அகலமான அந்தக் காந்தார இடைவெளி மேலும் 8 சென்ட் அகன்றுவிடுகிறது. விரைவான வழிதான், ஆனால் கடைசியில் ஒருமுறை நன்கு தெரிந்த கார்டுகளை மீட்டிப் பார்க்காமல் எழுந்துவிட வேண்டாம்.

பாடகர்கள் ஆதார சுருதியைக் கட்டை என்ற அளவில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. ஒன்றரைக் கட்டை என்றால் முதல் ஃபிரெட்டில் கேபோ போட்டு சி வடிவங்களை வாசிக்கலாம். ஐந்தரை என்றால் அதே கேபோவோடு ஜி வடிவங்கள். பழைய ஹார்மோனியம் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். இன்றைய கருவிகள் பெரும்பாலும் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் இருக்கின்றன. பழைய ரீடுகள் அதற்குக் கீழோ மேலோ நிற்கும். ரீடை மாற்ற முடியாது, கம்பியை மாற்ற முடியும். ஹார்மோனியத்தின் ஏ-வை வாசிக்கச் சொல்லி, டியூனரின் 440 என்ற எண்ணை முள் நடுவில் வரும்வரை ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஆறு கம்பிகளும் ஹார்மோனியத்தோடு சேர்ந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் எண்ணைப் பழையபடி 440-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அடுத்த மேடையில் கீபோர்டு இருக்கலாம்.

மலைமேல் வசிப்பவர்கள் என்ன கிட்டார் வாங்குவது என்று கேட்கிறார்கள். வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் வீட்டிலேயே வைத்திருக்கப்போகும் கிட்டார் என்றால் ஒட்டுப்பலகை முகப்புள்ளதையே வாங்கச் சொல்கிறேன். ஒரே மரத்துண்டால் ஆன முகப்பின் ஒலி செழுமையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் ஈரத்தில் குறைவாகவே அசைகின்றன. மிச்சமாகும் பணத்தில் நட்டையும் சேடிலையும் ஒருமுறை சரிசெய்துகொண்டு, நல்ல கம்பி இரண்டு செட்டும் ஒரு கிளிப் டியூனரும் வாங்கிவிடலாம்.